ஆழம் வில்லையில் உள்ளதா, விழியில் உள்ளதா?

ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஊசியில் நூல் கோக்க முயன்றவர்களுக்கு ஓர் உண்மை விளங்கியிருக்கும். ஊசி தெரிகின்றது, அதன் காது தெரிகின்றது, நூலின் நுனியும் தெரிகின்றது. ஆயினும் நூல் ஊசிக்கு முன்னே போகின்றது, அல்லது பின்னே போகின்றது. காதினுள் மட்டும் நுழைய மறுக்கின்றது. மூடிய கண்ணைத் திறந்தவுடன் வேலை எளிதாக முடிகின்றது. கண் திறந்ததனால் ஊசியில் புதிதாக எதுவும் சேர்ந்துவிடவில்லை. எது அருகில் உள்ளது, எது அப்பால் உள்ளது என்னும் அறிவு மட்டுமே சேர்ந்தது.

இச்சிறு நிகழ்ச்சியை மனத்திற் கொண்டு, வில்லைகளின் துணையால் ஆழம் காட்டும் கருவிகளைப் பற்றி வழங்கிவரும் கருத்து ஒன்றை ஆராய வேண்டியிருக்கின்றது. லென்ஸ் என்று பலரும் வழங்கும் கண்ணாடி வில்லையைக் கொண்டு, தட்டையான படத்தைத் திரண்ட உருவமாகக் காட்டும் முறை புதியதன்று. பாட்டன்மார் காலத்து ஸ்டீரியாஸ்கோப் பெட்டி, வரிவரியாக நெளிந்த மேற்பரப்புடைய அஞ்சலட்டை, தனிக் கண்ணாடி அணியாமலே ஆழம் காட்டும் இக்காலத் திரை ஆகிய மூன்றும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. இவற்றைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் சொல்வது, “வில்லை படத்திற்கு ஆழம் கொடுக்கின்றது” என்பதே. கேட்பதற்கு எளிதாக இருப்பதால் மாணவர்க்கு விடையாகவும் இதுவே சொல்லப்பட்டு விடுகின்றது. இக்கூற்று முழு உண்மையா, பாதி உண்மையா என்பதே ஈண்டு எழும் வினாவாகும்.

இரு கண்கள், இரு சாட்சிகள்

கையை நீட்டிக் கட்டை விரலை நிமிர்த்தி, முதலில் ஒரு கண்ணாலும் பின்னர் மறு கண்ணாலும் நோக்கினால், விரல் பின்புறச் சுவரில் இடம் மாறுவதுபோல் தோன்றும். மக்களின் இரு கண்களுக்கும் இடையே ஏறத்தாழ ஆறரை செண்டிமீட்டர் தொலைவு இருக்கின்றது. ஆதலின் இரண்டும் ஒரே பொருளை இரு வேறு இடங்களிலிருந்து காண்கின்றன. அண்மையில் உள்ள பொருளில் அவ்விரு தோற்றங்களின் வேற்றுமை மிகுதி. சேய்மையில் உள்ள பொருளில் அது குறைவு. ஒரே நிகழ்ச்சியை இருவேறு இடங்களில் நின்று கண்ட இரு சாட்சிகளின் சொற்களை ஒப்பிட்டு நடுவர் உண்மையைத் துணிவதுபோல, மூளை அவ்விரு தோற்றங்களையும் ஒப்பிட்டுத் தொலைவைத் துணிகின்றது.

ஆழத்தை அறிய வேறு வழிகளும் உள. ஒன்றை ஒன்று மறைத்தல், தொலைவில் உள்ளது சிறுத்துத் தோன்றுதல், நிழல் விழுதல், நடக்கும்போது அருகிலுள்ள மரம் விரைந்தும் தூரத்து மலை மெல்லவும் நகர்தல் ஆகியவற்றை ஒற்றைக் கண்ணும் அறியும். ஓவியர் கையாள்வன இவற்றுள் முதல் மூன்றுமே. ஆயினும் இரு கண்களுக்கு இரு வேறு தோற்றங்களை வழங்குதல் ஒற்றை ஓவியத்தால் இயலாத செயல். எத்துணைத் திறமையோடு தீட்டினும், இரு கண்களால் நோக்கும் இயற்கைப் பொருளின் திரட்சியை ஓவியம் எட்டாது என்பதை லியனார்டோ டா வின்சியே குறித்து வைத்தார். குறையைக் கண்டவர் அவர். அக்குறையை நீக்கும் வழி மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின்னரே பிறந்தது.

வீட்ஸ்டனும் புரூஸ்டரும்

1838ஆம் ஆண்டு ஜூன் 21ஆம் நாள் இலண்டன் ராயல் சொசைட்டியில் சார்லஸ் வீட்ஸ்டனின் கட்டுரை ஒன்று படிக்கப்பட்டது. ஸ்டீரியாஸ்கோப் என்னும் பெயரும் கருவியும் அக்கட்டுரையின் வாயிலாகவே உலகுக்கு அறிமுகமாயின. இங்கே கருத்திற் கொள்ள வேண்டியது ஒன்றுண்டு: அவர் விளக்கிய அக்கருவியில் வில்லையே இல்லை. செங்கோணமாக நிறுத்திய இரண்டு முகம் பார்க்கும் கண்ணாடிகளும், இரு புறத்திலும் ஒவ்வொரு படமுமே அதில் இருந்தன. இடக் கண் ஒரு கண்ணாடியில் ஒரு படத்தையும், வலக் கண் மற்றதில் மற்றொரு படத்தையும் கண்டன. இரண்டும் ஒன்றாகி, வெளியில் திரண்டு நிற்கும் ஓர் உருவம் தோன்றிற்று.

புகைப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டது அதற்கடுத்த 1839ஆம் ஆண்டில்தான். ஆதலின் வீட்ஸ்டன் கோட்டுப் படங்களையே பயன்படுத்தினார். அதுவும் நன்மையாகவே முடிந்தது. நிழலும் வண்ணமும் உடைய படங்களாயின், ஆழம் அவற்றால் தோன்றியது என்று ஒருவர் மறுத்துரைக்க இடமுண்டு. வெறுங் கோடுகளில் அந்த ஐயத்திற்கு இடமில்லை. இரு தோற்றங்களின் வேற்றுமை ஒன்றே ஆழத்தைத் தரப் போதும் என்பதை அவர் ஐயமற நிறுவினார்.

பதினோராண்டுகள் கழித்து, 1849இல், ஸ்காத்லாந்து அறிஞர் டேவிட் புரூஸ்டர் வில்லை பொருந்திய ஸ்டீரியாஸ்கோப்பை விளக்கினார். கலைடாஸ்கோப்பைக் கண்டுபிடித்தவரும் இவரே. ஒரு வில்லையை இரு பாதியாக வெட்டி, இடக் கண்ணுக்கு ஒரு பாதியும் வலக் கண்ணுக்கு மறு பாதியும் வைத்தார். அவ்வரை வில்லைகள் படத்தைப் பெரிதாக்கிக் காட்டின. ஒளிக் கதிரைச் சற்றே வளைத்து இரு படங்களும் ஒரே இடத்தில் பொருந்தவும் உதவின. கருவி கைக்கு அடங்கும் சிறு பெட்டியாயிற்று. பாரிஸ் நகரத் தியூபாஸ்க் அதைச் செய்து 1851ஆம் ஆண்டு இலண்டன் பெருங்கண்காட்சியில் வைத்தார். விக்டோரியா அரசியார் அதைக் கண்டு மகிழ்ந்தார். அதன்பின் வீடுதோறும் அப்பெட்டி புகுந்தது.

வில்லையின் புகழ் இவ்வாறு பரவிற்று. அதனோடு ஒரு பிழையும் பரவிற்று. மக்கள் கண்ட பெட்டியில் வில்லை இருந்தது. அதன் வழியே ஆழம் தெரிந்தது. ஆகவே ஆழத்தைத் தந்தது வில்லையே என்று கொண்டனர். புரூஸ்டரும் அதோடு நில்லாமல், கருவியின் முதற் கண்டுபிடிப்பு வீட்ஸ்டனுடையது அன்று என வழக்காடினார். 1856இல் அவ்வழக்கு இலண்டன் ‘டைம்ஸ்’ நாளிதழ் வரை சென்றது. எடின்பரோவைச் சேர்ந்த ஜேம்ஸ் எலியட் என்பார் 1834இலேயே இதை எண்ணி 1839இல் கருவியைச் செய்தார் என்பது புரூஸ்டர் காட்டிய சான்றுகளுள் ஒன்று.

இச்சான்றை நடுநிலையில் நின்று நோக்கினால் அது புரூஸ்டருக்கே எதிராக நிற்பது புலனாகும். எலியட்டின் கருவியில் கண்ணாடியும் இல்லை, வில்லையும் இல்லை. பெட்டியும் பார்க்கும் துளையும் மட்டுமே இருந்தன. வில்லையின்றியும் ஆழம் தோன்றும் என்பதற்கு அதைவிடச் சிறந்த சான்று வேறு யாது வேண்டும்? சிறிது பழகியவர்கள், எந்தக் கருவியும் இல்லாமல், அருகருகே வைத்த இரு படங்களை விழியைத் தளர்த்தி ஒன்றாக்கிக் காண்கின்றனர். ஆகவே புரூஸ்டரின் பெருமை வேறிடத்தில் உள்ளது. ஆய்வறையில் இருந்த கருவியைப் பொதுமக்களின் கூடத்திற்குக் கொண்டு வந்தவர் அவர். ஆழம் தோன்றும் காரணத்தைக் கண்டவர் வீட்ஸ்டன். இவ்விரண்டும் தனித்தனிப் பெருமைகள். ஒன்றை உயர்த்த மற்றொன்றைத் தாழ்த்த வேண்டுவதில்லை.

பங்கிட்டுக் கொடுக்கும் பணி

அங்ஙனமாயின் வில்லை செய்யும் வேலைதான் யாது? இதற்குத் தெளிவான விடை தருவது, மேற்பரப்பில் மெல்லிய வரிகளாக நெளிந்து காணப்படும் தகடு. இம்முறையை 1912ஆம் ஆண்டளவில் வகுத்தவர் சுவிட்சர்லாந்தின் வால்ட்டர் ஹெஸ். அப்போது அவர் கண் மருத்துவர். பிற்காலத்தில் மூளையைப் பற்றிய ஆய்வுக்காக 1949இல் நோபல் பரிசு பெற்றவரும் அவரே.

அத்தகட்டில் உள்ள ஒவ்வொரு வரியும் நெடுக்காக நிற்கும் உருளை வடிவான ஒரு வில்லை. ஓர் அங்குல அகலத்தில் 75 வரிகள் அமைந்தால், ஒவ்வொன்றின் அகலம் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. தகட்டின் பின்புறம் வில்லையின் குவிதளத்தில் அமையுமாறு கனம் வகுக்கப்படுகின்றது. அங்கே இருக்கும் ஒரு புள்ளியிலிருந்து புறப்படும் ஒளி, வில்லையைக் கடந்ததும் ஒரே திசையில் செல்லும். பக்கத்துப் புள்ளியின் ஒளி வேறு திசையில் செல்லும். ஆகவே பல கோணங்களில் எடுத்த படங்களை நுண்ணிய பட்டைகளாக நறுக்கி, ஒவ்வொரு வில்லையின் பின்னும் ஒவ்வொரு படத்திற்கு ஒரு பட்டை வீதம் அச்சிட்டால், ஒவ்வொரு படமும் தனக்குரிய திசையில் மட்டும் தெரியும்.

முப்பது செண்டிமீட்டர் தொலைவில் பிடித்த அட்டையின் ஒரு புள்ளியை நோக்கும் இரு கண்களின் பார்வைக் கோடுகள் ஏறத்தாழ 12 பாகை விலகி நிற்கின்றன. அந்த விலக்கம் போதும். இடக் கண் ஒரு பட்டையையும் வலக் கண் வேறு பட்டையையும் காணும். ஒவ்வொரு வில்லையிலும் இதுவே நிகழ்வதால், இரு கண்களுக்கும் இரு முழுப் படங்கள் கிடைக்கின்றன.

இதை எவரும் சோதித்து அறியலாம். அத்தகைய அட்டை ஒன்றை எடுத்துக் கால் வட்டம் திருப்பி, நெடுக்கு வரிகள் கிடையாக அமையுமாறு பிடித்தால், ஆழம் உடனே மறைந்துவிடும். வில்லைகள் எங்கும் போய்விடவில்லை. அவை இப்போது மேலும் கீழும் பங்கிடுகின்றன. மக்களின் கண்களோ இடமும் வலமும் அமைந்தவை. இரண்டு கண்களுக்கும் ஒரே பட்டை தெரிவதால் மூளைக்கு ஒப்பிட எதுவுமில்லை. வில்லை ஆழத்தைக் கொடுப்பதாயின் திருப்பிய அட்டையிலும் கொடுத்திருக்க வேண்டுமன்றோ? ஆகவே வில்லை பந்தி பரிமாறுபவன். இவருக்கு இது, அவருக்கு அது என இலையறிந்து இடுகின்றது. உண்டு சுவை அறிவது அதன் வேலையன்று.

வில்லைக்குப் பதிலாகக் கறுப்புக் கோடுகளின் இடைவெளி வழியே பார்க்கும் முறையும் உண்டு. அமெரிக்காவின் பிரெடரிக் ஐவ்ஸ் 1903இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். அதில் கோடுகள் ஒளியின் பெரும் பகுதியைத் தடுப்பதால் படம் மங்குகின்றது. வில்லையோ ஒளியைத் தடுக்காமல் திருப்பி விடுகின்றது. வில்லை முறை நிலைத்ததற்கு இது ஒரு காரணம். 1964ஆம் ஆண்டு பிப்ரவரி 25ஆம் நாளிட்ட அமெரிக்க ‘லுக்’ இதழில் எடிசன் சிலையின் படம் இம்முறையில் பெருந்தொகையாக அச்சாகி வந்தது. 1967இல் பூட்டான் நாடு இதே முறையில் அஞ்சல் தலைகளை வெளியிட்டது.

லிப்மனின் பெருங்கனவு

இக்குடும்பத்தில் மிகப் பெரிய நோக்கத்தோடு பிறந்தது பிரெஞ்சு அறிஞர் கேப்ரியல் லிப்மனின் முறை. 1908ஆம் ஆண்டு மார்ச் 2ஆம் நாள் பிரெஞ்சு அறிவியற் கழகத்தில் அவர் அதை அறிவித்தார். வண்ணப் புகைப்பட முறைக்காக அவர் நோபல் பரிசு பெற்றதும் அதே ஆண்டில்தான். படம் என்பது சன்னல் வழியே காணும் காட்சியைப்போல் இருத்தல் வேண்டும் என்பது அவர் கொள்கை. சன்னலுக்கு முன் நிற்பவர் இடப்புறம் நகர்ந்தால் ஒரு காட்சி; குனிந்தால் வேறு காட்சி. இதற்காக, உருளை வில்லைகளுக்குப் பதில், ஈயின் கண்ணைப்போலக் குட்டி உருண்டை வில்லைகள் நிறைந்த தகட்டை அவர் எண்ணினார். ஒவ்வொரு வில்லையும் தான் இருக்கும் இடத்திலிருந்து ஒரு சிறு படத்தைப் பதிக்கும். பின்னர் ஒளி, வந்த வழியே திரும்பிச் சென்று, எல்லாத் திசைகளுக்கும் உரிய காட்சியை மீண்டும் உண்டாக்கும்.

கருத்து மிக உயர்ந்தது. ஆயினும் அதில் ஒரு சிக்கல் இருந்தது. ஒளி வந்த வழியே திரும்புகையில் பொருளின் வடிவம் முன்னிருந்த இடத்திலேயே உருவாகின்றது. காண்பவரோ அதைப் பின்புறத்திலிருந்து நோக்குபவர்போல் ஆகின்றார். அருகிலிருந்தது அப்பாலும், அப்பாலிருந்தது அருகிலும் தோன்றும், மேடு பள்ளமாகும். பிரெடரிக் ஐவ்ஸின் மைந்தர் ஹெர்பர்ட் ஐவ்ஸ் 1931இல் இதை எடுத்துக்காட்டி, ஒருமுறை எடுத்த படத்தை மீண்டும் ஒருமுறை அவ்வாறே படமெடுத்தால் தலைகீழான ஆழம் நேராகும் என்று வழியும் கூறினார்.

மற்றொரு குறையை அவ்வாறு எளிதில் நீக்க இயலாது. பங்கிடுவோனிடம் உள்ள பண்டம் அளவுடையது; பந்தி பெருகினால் பங்கு சிறுக்கும். குறுக்கே 3840 புள்ளிகளும் நெடுக்கே 2160 புள்ளிகளும் உடைய திரையொன்றை எட்டுத் திசைகளுக்குக் கிடையாகப் பங்கிட்டால், ஒவ்வொரு காட்சிக்கும் குறுக்கே 480 புள்ளிகளே எஞ்சும். லிப்மன் எண்ணியவாறு நெடுக்கிலும் எட்டாகப் பங்கிட்டால், 64 காட்சிகள். ஒவ்வொன்றும் 480க்கு 270 புள்ளிகள். ஆழத்தில் பெற்றதைத் தெளிவில் இழக்க நேர்கின்றது. விளம்பரங்கள் பெற்றதைப் பெரிய எழுத்தில் சொல்கின்றன, இழந்ததைச் சொல்வதில்லை.

மூன்று உரைகற்கள்

பொன்னை உரைத்துப் பார்ப்பதுபோல இக்கருவிகளையும் மூன்று கேள்விகளால் உரைத்துப் பார்க்கலாம். இரு கண்களுக்கும் இரு வேறு காட்சி கிடைக்கின்றதா? தலையை அசைத்தால் காட்சி அதற்கேற்ப மாறுகின்றதா? அருகிலும் அப்பாலும் தோன்றும் பொருள்களுக்கு ஏற்ப விழி தன் குவியத்தை மாற்றிக் கொள்ள வேண்டியிருக்கின்றதா?

ஸ்டீரியாஸ்கோப் பெட்டி முதற் கேள்வியில் மட்டும் தேறும். தலையை எவ்வளவு அசைத்தாலும் படமெடுத்த இடம் மாறாது. வரித் தகடு இரண்டாவதில் பாதி தேறும். இடவலமாக நகர்ந்தால் காட்சி மாறும், மேலும் கீழும் நகர்ந்தால் மாறாது. இடவலத்திலும் ஓர் எல்லை உண்டு. அதைத் தாண்டினால், ஒரு வில்லைக்குரிய பட்டை அடுத்த வில்லையின் வழியே தெரிந்து, காட்சி திடீரெனத் துள்ளி முதலிலிருந்து தொடங்கும். மூன்றாவது கேள்வியிலோ இரண்டும் தவறுகின்றன. இரு விழிகளும் படத்திற்கு முன்னோ பின்னோ தோன்றும் ஓர் உருவத்தை நோக்கிக் கூடுகின்றன. ஆனால் தெளிவாகத் தெரிய வேண்டிய குவியம் படத்தின் தளத்திலேயே நிற்கின்றது. இயற்கையில் இணைந்து நடக்கும் இவ்விரு செயல்களும் இங்கே பிரிந்து போகின்றன. நெடுநேரம் காண்போருக்குக் கண் அயர்வும் தலைவலியும் உண்டாவதற்கு இது ஒரு காரணம். லிப்மனின் முறை கொள்கையளவில் மூன்றிலும் தேறவல்லது. நடைமுறையில் அதற்கு வேண்டிய நுண்மை மிகப் பெரிது.

இம்மூன்றையும் ‘முப்பரிமாணம்’ என்னும் ஒரே சொல்லால் குறித்தல் பொருந்துமா என்பதையும் எண்ண வேண்டும். பரிமாணம் என்றால் அளவு. நீளம், அகலம், கனம் என்னும் மூன்று அளவும் உடையது கல். படம் எவ்வாறு தோன்றினும் தட்டையே. அங்கே மிகுவது அளவன்று, அருகும் அப்பாலும் பற்றிய உணர்வு. ஆதலின் ‘ஆழக் காட்சி’ என்பது பொருளுக்கு நெருங்கிய சொல். தமிழில் காட்சி என்பது காணப்படுவதையும் குறிக்கும், காணும் செயலையும் குறிக்கும். இப்பொருளுக்கு அவ்விரண்டும் வேண்டும். ஏனெனில் இங்கே காண்பவரின் செயலின்றிக் காணப்படும் ஆழம் இல்லை.

காணாத குழந்தை

இவ்வாராய்ச்சி வெறும் சொல்லாராய்ச்சி என்று எவரும் கருதிவிட வேண்டா. ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய பேலா யூலெஸ், 1960இல் ஒரு புதுமையான சோதனையை வெளியிட்டார். கணிப்பொறியால் இரு படங்களில் கறுப்பு வெள்ளைப் புள்ளிகளை ஒழுங்கின்றி இறைத்தார். இரண்டிலும் புள்ளிகள் ஒன்றே. ஒன்றில் மட்டும் நடுவிலுள்ள ஒரு சதுரத்தின் புள்ளிகள் சற்றே பக்கவாட்டில் நகர்த்தப்பட்டிருந்தன. ஒற்றைக் கண்ணுக்கு எந்த உருவமும் இல்லை. இரு கண்களுக்கும் ஒருங்கே காட்டினால் சதுரம் எழுந்து மிதக்கின்றது. தாளில் எந்தக் கண்ணும் காணாத உருவத்தை மூளை காண்கின்றது. வீட்ஸ்டன் தொடங்கிய வழக்கில் இது இறுதித் தீர்ப்பாக அமைந்தது எனலாம்.

1980களின் தொடக்கத்தில், சூரிச் நகரக் கண் மருத்துவர் யோசப் லாங், யூலெஸின் புள்ளிகளையும் ஹெஸ்ஸின் வரித் தகட்டையும் ஒரே அட்டையில் இணைத்தார். வில்லைகள் இரு கண்களுக்கும் வெவ்வேறு புள்ளிகளைப் பங்கிடுகின்றன. இரு கண்களும் ஒத்துழைக்கும் குழந்தைக்குப் பூனை, கார், விண்மீன் ஆகிய உருவங்கள் எழுந்து நிற்கும். தனிக் கண்ணாடி எதுவும் அணிய வேண்டுவதில்லை. பேசத் தெரியாத குழந்தையும் விரலால் தொட்டுக் காட்டும். அட்டையை ஏறத்தாழ 40 செண்டிமீட்டர் தொலைவில் அசையாமல் நேராகப் பிடிப்பது இன்றியமையாதது. சாய்த்தால் பட்டைகள் மாறி, ஒற்றைக் கண்ணுக்கும் உருவம் வெளிப்பட்டு விடக்கூடும். பின்னர் வந்த இரண்டாவது அட்டையில், ஒரு கண்ணுக்கே தெரியும் விண்மீன் ஒன்றும் சேர்க்கப்பட்டது. குழந்தை கேள்வியைப் புரிந்து கொண்டதா என்பதை அதனால் அறியலாம்.

சில குழந்தைகளுக்கு அந்த அட்டையில் புள்ளிகளே தெரிகின்றன. மாறுகண்ணோ, ஒரு கண்ணின் பார்வை மந்தமோ காரணமாக இருக்கலாம். அட்டை, ஐயத்தை எழுப்புவதே அன்றி நோயை உறுதி செய்வதன்று. அது மருத்துவர் ஆராய வேண்டியது. ஆயினும் இளமையிலேயே கண்டறிந்தால் சிகிச்சையின் பயன் மிகுதி. துன்பம் யாதெனில், அக்குழந்தைக்குத் தன் குறை தெரிவதில்லை. பிறந்தது முதல் அவ்வாறே கண்டு பழகியதால், எல்லோரும் அவ்வாறே காண்பதாக அது எண்ணுகின்றது. நிழலையும் அளவையும் கொண்டு நடமாடப் பழகியிருப்பதால் பெற்றோருக்கும் ஐயம் எழுவதில்லை.

“வில்லை ஆழத்தைக் கொடுக்கின்றது” என்னும் விடையின் தீமை இங்கேதான் வெளிப்படுகின்றது. ஆழம் வில்லையில் இருப்பதாக நம்பும் ஆசிரியர், ஆழ அட்டை ஒன்றை வகுப்பில் காட்டி, ஒரு பிள்ளை “ஒன்றும் தெரியவில்லை” என்றால், கவனக்குறைவு என்று கடிந்து கொள்வார். அட்டையில் இருப்பது எல்லோருக்கும் தெரிய வேண்டுமன்றோ என்பது அவர் எண்ணம். வில்லை பங்கிடுவது மட்டுமே, கூட்டிப் பொருள் காண்பது பிள்ளையின் இரு கண்களும் மூளையுமே என்று அறிந்த ஆசிரியரோ, அப்பிள்ளையை அருகே அழைத்து மீண்டும் ஒருமுறை அன்போடு கேட்பார். பின்னர் பெற்றோரிடம் கண் மருத்துவரைக் காணச் சொல்வார். ஒரு கண் மருத்துவர் வகுத்த வரித் தகடு, வேடிக்கை அட்டையாக உலகெங்கும் சுற்றி, மீண்டும் கண் மருத்துவரின் மேசைக்கு வந்திருக்கின்றது. அதன் பயனைப் பிள்ளைகள் பெறுவதற்கு, பாடம் சொல்வோர் அதைச் சரியாக விளங்கிக் கொள்ளுதல் முதற் கடமையாகும்.